எண்ணிக் கொடுத்த குரல்

அத்தியாயம் 11

அந்தப் புதன்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டது. இடது கை நகங்களை மட்டும். கிடார் வாசிக்கிறவர்களுக்கு இடது கையில் நகம் இருந்தால் கம்பி சரியாக அழுந்தாது. வலது கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல், எதையும் பாதியில் விட்டு எழுந்து போகிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

"பேப்பரை விரிச்சிட்டு வெட்டக் கூடாதா? காலெல்லாம் குத்துது" என்றேன்.

"இன்னும் பேப்பர் படிக்கலையே" என்றார்.

அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிப் போனார். பதினொன்றரைக்கு டிரம்ஸ்காரர் போன் செய்தார். 'இடி' என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்வார். அன்று "தங்கச்சி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அது நடந்து எட்டு மாதம். பிறகு நடந்தவற்றை வாராவாரம் சொல்லிக்கொண்டு வருகிறேன். இன்று புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தினார்கள். அண்ணன் கிடார், தம்பி பாட்டு. தம்பிக்கு ஐம்பது வயது ஆன பிறகும் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டு, கல்யாண வீடுகளில் கிழவர்களைக்கூட நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும். அது இப்போது ஒரு சினிமாவில் வரப்போகிறது. ஒரே பாட்டுக்கு உரிமை கொண்டாடிச் சண்டை போடும் அண்ணன் தம்பி இரண்டு பாட்டுக்காரர்களின் கதை, சிரிப்புப் படம். அதன் பெயர்ப் பட்டியலில், அந்தப் பாட்டுக்கு இசை என்ற இடத்தில் சின்னவன் பெயர் இருந்தது. அது என் கணவர் போட்ட பாட்டு என்று நான் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினேன்.

அன்றிலிருந்து சின்னவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் குழுவில் கீபோர்டு வாசிக்கிற என் மகள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று சினிமா கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது மகள் கதவோரம் வந்து நின்றாள்.

"கேசட்டை எடுத்து வச்சுக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன். நீயும் வர்றியா?"

"வரணும்ல? ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரி நான் ஒருத்திதானே."

நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா உயிரோட இருந்தப்ப, ஒரு நாளாவது என் பேரைப் போடலைன்னு சொல்லியிருக்காராம்மா?"

"அவர் எதைத்தான் சொன்னார்? அவருக்காகக் கேக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்."

"இருக்கே. சரி. சித்தப்பாவுக்காகக் கேக்க யார் இருக்கா?"

சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

என்னிடம் இருந்த சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டைப் போட்டவர்தான் அதை எண்ணிக் கொடுக்க வேண்டும். 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்று அவர் சொல்ல வந்தால்தான் டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்குவார். வேறு யார் எண்ணினாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகாத அந்த மனிதர்களுக்குள் அதுதான் கையெழுத்து.

அவருடைய அலமாரியில், உபரிக் கம்பிகள் வைக்கும் டப்பாவுக்கு அடியில் ஒரு பழைய ஒத்திகைக் கேசட் இருந்தது. அந்தப் பாட்டு அதில் இருந்தது. எண்ணிக் கொடுத்த குரல் அவருடையது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு மெத்தை மாதிரி தடிமனாக இருந்தது. உள்ளே கண்ணாடித் தடுப்பு, இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், குளிர். டைரக்டர் சின்ன வயதுக்காரர். எழுந்து நின்று வணங்கினார். ஒலிப்பதிவாளர் சக்கர நாற்காலியில் அரை வட்டம் சுழன்று தலையாட்டினார். டிரம்ஸ்காரர் தன் உடம்புக்குப் போதாத ஒரு நாற்காலியில் பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, இந்தக் கதவைச் சாத்தினா என் மூச்சு எனக்கே கேக்குது. முழிச்சிருக்கும்போதும் நான் குறட்டை விடறேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

மூலையில் சின்னவன். தாடி வளர்ந்திருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அ... அ..."

அண்ணி என்கிற வார்த்தைதான். அது வந்து சேர்வதற்குள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக அந்த வார்த்தைக்காக நின்று காத்திருந்தவள் நான். அன்று நிற்கவில்லை.

சின்னவனுக்குப் பேச்சு திக்கும். பாடும்போது திக்காது. பாடும்போது அவனைப் பார்த்தவர்கள், பேசுகிறவன் வேறு ஆள் என்று சத்தியம் செய்வார்கள்.

"முதல்ல ஒரு சீன் மட்டும் பாத்துடுங்கம்மா. பாத்தா உங்க கோபம் பாதி குறையும்" என்றார் டைரக்டர்.

திரையில் ஒரு மேடை. தம்பி வேஷம் போட்ட நடிகர் மைக் முன்னால் நிற்கிறார். எண்ண வேண்டும். "ஒ... ஒ... ஒ..." என்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியைத் தூக்கியபடியே காத்திருந்து, காத்திருந்து, அப்படியே தூங்கிவிடுகிறார். கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போகிறது. "ஒ... ஒ..." பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். "ஒண்ணு!"

நூறு தடவை பார்த்திருக்கக்கூடிய ஒலிப்பதிவாளரே சிரித்தார். டிரம்ஸ்காரரும் குலுங்கிச் சிரித்து, பாதியில் சின்னவனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்னவனும் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சித்தப்பா, இதுக்கு நீங்க சரின்னு சொன்னீங்களா?"

"சி... சிரிக்கட்டும்மா."

"இதை யாரு இவங்ககிட்ட சொன்னது?"

டிரம்ஸ்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான்தான் பாப்பா. தமாஷா இருக்கட்டுமேன்னு சொன்னேன். நடந்ததுதானே? ஒரே ஒரு தடவை உன் சித்தப்பன் எண்ணப் போயி..."

"தமாஷ்!" என்றாள் மகள்.

நான் சிரிக்கவில்லை. நல்ல மனசால் அல்ல. என் யோசனையெல்லாம் கைப்பையில் இருந்த கேசட்டில் இருந்தது.

ஒலிப்பதிவாளர் அதை ஒரு பழைய பெட்டியில் போட்டார். முதலில் இரைச்சல். நாற்காலி கிரீச்சிடும் சத்தம். பிறகு எங்கிருந்தோ ஒரு உறுமல்.

"மிக்ஸியை நிறுத்தச் சொல்லு."

அவர் குரல். எட்டு மாதத்துக்குப் பிறகு. எண்ணுகிற குரலுக்கு நான் தயாராக வந்திருந்தேன். அந்தக் கேசட்டை வீட்டில் போட்டுப் பார்த்தபோது பாட்டு இருந்த இடத்திலிருந்துதான் கேட்டிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை. அந்த மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது என் கையில். உறுமல் நின்றது. நிறுத்தியது நான்தான், எந்த நாளோ, எந்தச் சட்னிக்கோ. "ம், நின்னாச்சு" என்றார். கிடாரைத் தட்டினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பாட்டு ஆரம்பித்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"முடிஞ்சுது" என்றார் டிரம்ஸ்காரர். "எண்ணினவன் பாட்டு. எங்க கூட்டத்துல அதுக்கு மேல பேச்சு கிடையாது."

டைரக்டருக்கு முகம் தெளிந்தது. "அப்ப பேரை மாத்திடலாம். சார், உங்களுக்குச் சம்மதம்தானே?"

சின்னவன் நிமிர்ந்தான்.

"அது அண்ணன் போட்ட பாட்டு. அண்ணன் பேரையே போடுங்க. எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை."

ஒரு இடத்திலும் மாட்டவில்லை. தண்ணீர் ஊற்றியது போல வந்து விழுந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். டைரக்டர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

நான் மட்டும் அவன் வலது கையைப் பார்த்தேன். முழங்காலின் மேல் ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. வாக்கியம் முடிந்ததும் அதுவும் நின்றது.

எனக்கு அந்த விரலைத் தெரியும். முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டு வந்த பேச்சானால் அவன் தாளத்தில் ஏற்றிச் சொல்லிவிடுவான். எங்கள் வீட்டு வாசலில் நின்று நிலையைத் தட்டித் தட்டி எத்தனை வாக்கியம் ஒத்திகை பார்த்திருக்கிறான்! உள்ளே வந்து கடகடவென்று ஒப்பித்துவிட்டு, நான் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வான். மனதிலிருந்து அப்போதே வருகிற பேச்சுதான் அவனுக்குத் திக்கும்.

இந்த வாக்கியத்தை அவன் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

டைரக்டர் தாளை என்னிடம் நீட்டினார். "பட்டியல் சரியா இருக்கான்னு பாத்துடுங்கம்மா. பழைய பேருக்கும் புதுப் பேருக்கும் ரெண்டு தாள் அடிச்சே வச்சிருந்தோம்." அதில் என் கணவர் பெயர் இருந்தது. இசை என்பதற்கு நேராக, முழுப்பெயராக, அச்சில். அச்சகத்தில் புரூஃப் பார்த்த இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் பெயரைச் சரிபார்த்திருக்கிறேன். அவர் பெயரை இப்படிக் கௌரவமாக அச்சில் பார்த்தது இரண்டாவது தடவை. முதலாவது, எங்கள் கல்யாணப் பத்திரிகை.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு டிரம்ஸ்காரரைப் பார்த்தேன்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை சின்னவன் எண்ணப் போனான்னீங்களே. எந்தப் பாட்டுக்கு?"

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? பயங்கரமா சிரிச்சோம், அதான் ஞாபகம்."

"போட்டவன்தானே எண்ணணும்? அப்ப அன்னிக்கு இவன் எதுக்கு மைக் முன்னாடி போனான்?"

அந்த அறையில் டிரம்ஸ்காரர் மூச்சு நிஜமாகவே எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கு நீங்க குச்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க? வேற ஆள் எண்ணினா தூக்க மாட்டீங்களே."

"தூக்கினேன்" என்றார் மெதுவாக. "தூக்கினேன் தங்கச்சி." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதே பாட்டுதான். மொத மொதல்ல மேடையேத்தின அன்னிக்கு. கடவுளே... இத்தனை வருஷமா அந்தச் சிரிப்பைத்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் சின்னவன் பக்கம் திரும்பினேன். "எப்ப போட்டே?"

"அ... அண்ணி, வேணாம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. அவன் விரல் தட்டவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்தது. வந்ததை அப்படியே எழுதினால் பக்கம் தாங்காது. அவன் சொன்னது இவ்வளவுதான்.

ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு. உட்காரச் சொன்னார்கள். பேர் என்ன என்று கேட்டார்கள். அவனுக்கு அவன் பெயர்தான் எல்லா வார்த்தையிலும் கஷ்டமான வார்த்தை. வரவே இல்லை. கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டுப் பேப்பரையும் பேனாவையும் தள்ளினார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்க வேண்டுமே என்று நடந்தே வந்தான். நடக்க நடக்க அந்த மெட்டு காலில் வந்தது.

கல்யாண வீட்டில் கிழவர்களை எழுப்பிய மெட்டு.

"மே... மேடையில அப்படி ஆயிடுச்சு. அடுத்த தடவை அண்ணன் எ... எண்ணினாரு. போட்டது யாருன்னு கே... கேட்டா மைக்ல பேசக் கூப்பிடுவாங்க. நா... நான்தான் அண்ணன்கிட்ட, உன்னோடதுன்னே சொல்லிடுன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒ... ஒண்ணும் சொல்லல. எண்ணினாரு."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். 'அந்தப் பாட்டு நீங்க போட்டதுதானே?' கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், 'எண்ணறது நான்தானே?' என்றார். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். தம்பிக்குக் கொடுத்த வாக்கையும் மீறாமல், பெண்டாட்டியிடம் பொய்யும் சொல்லாமல், நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் அவர் கால் வைத்து நின்றிருக்கிறார். நான் பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று இனி யாரைக் கேட்பது?

பேனாவை எடுத்தேன். அச்சகத்தில் நீக்க வேண்டிய சொல்லுக்கு ஒரு கோடு கிழித்து, கோட்டின் நுனியில் ஒரு சுழி போடுவோம். கை தானாகவே போட்டுவிடும். அன்று கை தானாகப் போடவில்லை. அவர் பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கோடு இழுத்தேன். சுழித்தேன். ஓரத்தில் சின்னவனின் முழுப்பெயரை எழுதினேன்.

"அம்மா..." என்றாள் மகள்.

"ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே போட்டுடலாமேம்மா" என்றார் டைரக்டர். நல்ல பையன்தான். "யாருக்கும் வருத்தம் இருக்காது."

அது எனக்கு ஆசையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிஷம் அந்தத் தாளையே பார்த்தேன்.

"போட்டவன் பேரை மட்டும் போடுங்க. அவர் வாசிச்சது கிடார். கிடாருக்கு நேரா வேணும்னா போடுங்க."

டைரக்டர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் எதிரே இருந்த பொத்தான்களைப் பார்த்தார்.

"படத்துக்குப் புதுசா வாசிச்சுப் பதிவு பண்ணியாச்சும்மா. கிடார் வேற ஒருத்தர்."

"ஓ" என்றேன். "அப்ப சரி."

சின்னவன் எழுந்து வந்து என் முன்னால் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ சும்மா இரு. இந்தத் தாடியை முதல்ல எடு. பாக்கச் சகிக்கல" என்றேன்.

அவன் அழுதான். எட்டு மாதத்துக்கு முன்னால், அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

டைரக்டர் சங்கடத்தோடு, அந்தச் சிரிப்புக் காட்சியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இ... இருக்கட்டும். ஆனா அந்த நடிகர் ச... சரியாவே திக்கல. ந... நான் சொல்லித் தர்றேன்."

டிரம்ஸ்காரர் சிரிக்கப் பார்த்தார். சத்தம் வேறு மாதிரி வந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. நாங்கள் மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில்.

"சித்தப்பா" என்றாள் திடீரென்று. "அப்பா எண்ணினது மொத்தம் பன்னிரண்டு பாட்டு."

அவன் சாலையைப் பார்த்தான்.

"எண்ணினதை வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னா, மத்த பதினொண்ணு?"

அந்தக் கேள்வி எனக்கும் கூடத்தின் உள்ளேயே வந்துவிட்டது. நான்தான் அதை எடுத்து வெளியில் வைக்கவில்லை.

அவன் தோளில் தொங்கிய பையின் மேல், ஆள்காட்டி விரல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. நான் அந்த விரலையே பார்த்தபடி நின்றேன். அவன் பஸ் வந்தது. "வ... வர்றேன் அண்ணி" என்றான். ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாக அவன் தோள் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவாரா?" என்றாள் மகள்.

"கூப்பிடு. வருவான்."

"வந்தா நீ கேப்பியா?"

"தெரியல" என்றேன். அது உண்மை.

வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் மின்சார பில் செருகியிருந்தது. இன்னும் அவர் பேரில்தான் வருகிறது.